பொறி கேட்கும் கேள்வி

வீதியிலே எதிர்ப்படும் ஒருவர் நம்மை நிறுத்தி, “ஐயா, நீர் மனிதர்தாமா?” என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? சிரிப்போம், அல்லது சினப்போம். ஆனால் இதே கேள்வியை நாள்தோறும் ஒரு பொறி நம்மைக் கேட்கிறது. நாமும் மறுப்பேதும் சொல்லாமல், கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துக் காட்டியும், ஒன்பது சிறு படங்களுள் பேருந்து எது, போக்குவரத்து விளக்கு எது என்று தொட்டுக் காட்டியும், “ஆம், மனிதனே” என்று மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறோம். தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்பும்போது இக்கேள்வி வருகிறது. ரயிலில் இடம் பதிவு செய்யும்போது வருகிறது. அவை போகட்டும். பொழுதுபோக்குக்காகச் செல்போனில் விளையாடும்போதும் வருகிறதே, அதுதான் வியப்பு.

இக்கேள்வி எங்கே பிறந்தது? விளையாட்டுக்குள் ஏன் நுழைந்தது? அது யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது? இவற்றை விளக்குவதே என் நோக்கம். விளையாடாத நண்பர்களும் இதனைப் படிக்கலாம். ஏனெனில், விளையாட்டில் தொடங்கும் இக்கதை நாம் ஊருக்குச் செல்லும் ரயில்வரை செல்லக் காண்பீர்கள்.

நான் கசார்வாடியில் தங்கிப் படிக்கிறேன். புனேயிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் ரயில் நிற்கும் சிறு நிலையம் அது. 2022 மார்ச்சு முதல் மெட்ரோ நிலையமும் அங்கே உண்டு. எங்கள் அறையில் நால்வர். நால்வரும் தமிழ்நாட்டின் நால்வேறு மாவட்டத்தார். காலையில் நாங்கள் ஏறும் பெட்டியிலே தாபோடி, கட்கி, சிவாஜிநகர் என்று நிலையங்கள் வந்து வந்து போகும்; தலைநிமிர்ந்து பார்ப்பவர் அரியர். அவரவர் கட்டைவிரல் அவரவர் திரையிலே. உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவ்விரல்களுட் பல ஒரே இடத்தை, ஒரே இடைவெளியில், மீண்டும் மீண்டும் தொட்டுக்கொண்டிருக்கும். முகத்திலே ஆர்வமும் இராது, சிரிப்பும் இராது. பீடி சுற்றும் கைகளிலே காணும் பழகிய வேகம் ஒன்றே இருக்கும்.

இதற்குக் காரணம், ஆடுவோர் ‘ஈவென்ட்’ என்று அழைக்கும் போட்டிகளே. விளையாட்டை நடத்தும் நிறுவனம் ஒரு வாரத்துக்கு ஒரு போட்டியை அறிவிக்கும். காட்டிலே மரம் வெட்டிச் சேர். அல்லது அரக்கரை வீழ்த்து. ஒவ்வொரு முறைக்கும் இத்தனை புள்ளி. அதிகப் புள்ளி பெற்ற முதல் நூற்றுவருக்குப் பரிசு. அடுத்த வாரம் போட்டியின் பெயர் மாறும். படத்தின் நிறம் மாறும். செய்யும் வேலை மாறாது. ஒரு முறை மரம் வெட்டி மீள 40 விநாடி ஆகும் என்றும், முதல் நூற்றுவருள் இடம்பெற 1,000 முறை வெட்டவேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 40,000 விநாடி. அதாவது 11 மணி நேரத்துக்கும் மேல். நாளொன்றுக்கு ஒன்றரை மணிக்கும் சற்று மிகுதி. இதிலே திறமைக்கு எங்கே இடம்? முதல் முறை வெட்டியவனைவிட ஆயிரமாவது முறை வெட்டியவன் எதனைக் கற்றுக்கொண்டான்? வென்றவன் பிறரைவிட நன்றாக ஆடியவன் அல்லன். பிறரைவிட நெடுநேரம் உட்கார்ந்தவன்.

நிறுவனங்கள் ஏன் இவ்வாறு செய்கின்றன? புதிய ஆட்டம் ஒன்றைப் படைப்பது அரிய வேலை. பழைய ஆட்டத்துக்குப் புதிய பரிசு வைப்பது எளிய வேலை. ஆடுவோர் நாள்தோறும் திரும்பி வந்தால்தான் விளம்பரமும் விற்பனையும் நடக்கும். திரும்பி வரச்செய்வது எப்படி என்பதை அறிஞர் முன்னரே ஆராய்ந்துள்ளனர். 1957இல் ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர், புறாக்களைக் கொண்டு தாம் செய்த சோதனைகளைப் பெருநூலாக வெளியிட்டனர். பொத்தானைக் கொத்தினால் தானியம் கிடைக்கும் என்று புறா அறிந்துகொள்கிறது. எத்தனை கொத்துக்குத் தானியம் என்பது திட்டமாக இருப்பின், தானியம் தின்றபின் அது சற்றே ஓய்கிறது. எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்பது தெரியாதிருப்பின், ஓயாமற் கொத்துகிறது. இன்றைய விளையாட்டுகளில் வரும் பரிசுப் பெட்டி, திறக்கும்வரை உள்ளே இருப்பது தெரியாத பெட்டியாக இருப்பதன் பொருள் இப்போது விளங்கும்.

இத்தகைய விளையாட்டுகளை எள்ளி நகையாட எண்ணிய அமெரிக்கப் பேராசிரியர் இயான் போகோஸ்ட், 2010 ஜூலையில் ‘கௌ கிளிக்கர்’ என்ற ஒன்றைப் படைத்தார். திரையில் ஒரு பசு நிற்கும். 6 மணிக்கு ஒரு முறை அதனைத் தொடலாம். அவ்வளவே ஆட்டம்! நையாண்டியாகச் செய்த இதனை 50,000 பேருக்கு மேல் மெய்யாகவே ஆடத் தொடங்கினர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் பசுக்களையே அகற்றிவிட்டார். பசு இல்லாத வெற்றிடத்தையும் சிலர் தொட்டுக்கொண்டிருந்தனராம்!

இனி, ‘பாட்’ என்பதைப் பார்ப்போம். இது பாட்டும் அன்று, பாடலும் அன்று. ‘ரோபாட்’ என்ற சொல்லின் வால். மனிதன் செய்யவேண்டிய தொடுதல்களை அவனுக்காகத் தானே செய்யும் கணிப்பொறி நிரல் அது. அதன் உள்ளமைப்பு எளியது. திரையில் மரம் எங்கே நிற்கிறது என்று படத்தைக் கொண்டு அறிதல், அவ்விடத்தைத் தொடுதல், 40 விநாடி காத்தல், மறுபடியும் தொடுதல். செல்போனைப் போல நடிக்கும் நிரல்களைக் கணிப்பொறியில் ஓட்டி, ஒருவரே பல கணக்குகளை ஒரே வேளையில் நடத்துவதும் உண்டு. இங்கே ஒன்றைக் கருதவேண்டும். நுட்பமான ஆட்டத்தை ஆட நுட்பமான நிரல் வேண்டும். ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யும் ஆட்டத்துக்கோ முதலாண்டு மாணவன் எழுதும் நிரலே போதும். ஆகவே, பாட் நிரல் வெளியிலிருந்து வந்த திருடன் மட்டும் அன்று; போட்டியின் அமைப்பே அதற்குக் கதவு திறந்துவைத்தது எனலாம்.

நிறுவனங்கள் வாளா இருக்கவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஜேஜெக்ஸ் நிறுவனம் 2001இல் தொடங்கிய ‘ரூன்ஸ்கேப்’ என்னும் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. மரம் வெட்டுதல், சுரங்கம் தோண்டுதல், மீன் பிடித்தல் ஆகியவை அதிலே பல மணிநேர வேலைகள். அவற்றை நிரலிடம் ஒப்படைப்போரைப் பிடிக்க, வேலையின் நடுவே எதிர்பாரா நிகழ்ச்சிகள் சிலவற்றை நிறுவனம் புகுத்தியது. திடீரென்று ஓர் ஊமைக்கூத்தன் முன் கொண்டுபோய் நம்மை நிறுத்தும். அவன் செய்யும் அபிநயத்தை நாம் திருப்பிச் செய்து காட்டவேண்டும். மனிதன் செய்வான், நிரல் விழிக்கும் என்பது கணக்கு. ஆனால் நாளடைவில் நிரல் எழுதுவோர் கூத்தனுக்கும் விடை எழுதிவிட்டனர்! 2011 அக்டோபரில் அந்நிறுவனம் வேறு வழியால் பாட் கணக்குகளைக் கண்டறிந்து, ஒரே வீச்சில் சுமார் 15 லட்சம் கணக்குகளை நீக்கியதாக அறிவித்தது. எதிர்பாரா நிகழ்ச்சிகளோ பின்னர், விரும்பினால் ஆடும் வேடிக்கைகளாகச் சுருங்கின. அவ்விளையாட்டின் பழைய வடிவம் 2018இல் செல்போனுக்கும் வந்தது.

பின்லாந்து நாட்டு ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ கேள்வி கேட்கும் வழியை விட்டு, வேறொன்றை மேற்கொண்டது. பல மணிநேரம் இடையறாது ஆடும் கணக்கைக் கட்டாயமாக வெளியேற்றிச் சிறிது நேரம் ஓய்வெடுக்க வைக்கும் ஏற்பாடு ஒரு காலத்தில் அதிலே இருந்தது. நிரலுக்கு ஓய்வு வேண்டா, மனிதனுக்கு வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ‘போக்கிமான் கோ’ 2016 அக்டோபரில், நாம் அனைவரும் அறிந்த ‘கேப்ச்சா’வையே உள்ளே கொண்டுவந்தது.

கேப்ச்சாவின் வரலாறு சுவையானது. 1950இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங், மனிதனா பொறியா என்பதை உரையாடலாலேயே பிரித்தறிய முடியுமா என்று ஒரு கட்டுரையில் வினவினார். அங்கே சோதிப்பவன் மனிதன், சோதிக்கப்படுவது பொறி. 1997இல் ‘ஆல்டவிஸ்டா’ என்னும் தேடுபொறியை நடத்தியோர், நிரல்கள் பொய்யான முகவரிகளைக் குவிப்பதைத் தடுக்க, சிதைந்த எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் முறையைக் கையாண்டனர். பின்பு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மானுவேல் பிளம், லூயி வான் ஆன் முதலியோர் இம்முறையை ஆராய்ந்து, 2003இல் வெளியிட்ட கட்டுரையில் ‘கேப்ச்சா’ என்ற பெயரை நிலைநாட்டினர். கணிப்பொறியையும் மனிதரையும் பிரித்தறிய, தானே இயங்கும் பொதுவான டூரிங் சோதனை என்பது அச்சுருக்கப் பெயரின் விரிவு. டூரிங் கூறியது தலைகீழாயிற்று. இப்போது சோதிப்பது பொறி, சோதிக்கப்படுபவன் மனிதன்.

2007இல் வான் ஆன் குழுவினர் இதிலே ஒரு நற்பயனையும் கண்டனர். பழைய புத்தகங்களையும் செய்தித்தாள்களையும் கணிப்பொறியில் ஏற்றும்போது பொறியால் படிக்க முடியாத சொற்களை மக்களுக்குக் கேப்ச்சாவாகக் காட்டி, அவர்கள் தரும் விடையால் அச்சொற்களைத் தெளிந்தனர். 2009இல் கூகுள் நிறுவனம் இதனை வாங்கிக்கொண்டது.

ஆனால் பூட்டு வலுக்க வலுக்கத் திறவுகோலும் கூர்மையாயிற்று. திறவுகோல் இருவகை. ஒன்று, மனிதனையே கூலிக்கு அமர்த்துதல். நிரல் தடைப்படும் இடத்திலே கேப்ச்சாப் படத்தை எங்கோ அமர்ந்திருக்கும் ஓர் ஏழைத் தொழிலாளிக்கு அனுப்பினால், அவர் சில விநாடிகளில் விடை எழுதி அனுப்புவார். 2010இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆராய்ச்சியாளர் இவ்வாணிகத்தை ஆராய்ந்தனர். ஆயிரம் விடைகளுக்கு ஏறத்தாழ ஒரு டாலர் விலை என்று கண்டனர். வேலை செய்வோர் எந்நாட்டவர் என்று அறியப் பல மொழிகளில் எண்ணுப் பெயர்களைக் கேப்ச்சாவாக அனுப்பிப் பார்த்தனர். அம்மொழிகளுள் நம் தமிழும் ஒன்று! இந்திய நாட்டிலே ‘வீட்டிலிருந்தே கேப்ச்சா டைப்பிங்’ என்ற விளம்பரங்களைக் கண்டவர்க்கு இது வியப்பளிக்காது.

மற்றொன்று, பொறியே படிக்கக் கற்றுக்கொண்டமை. மிகக் கடினமான சிதைந்த எழுத்துகளையும் தன் நிரல் 99.8 விழுக்காடு சரியாகப் படிப்பதாகக் கூகுள் 2014இல் கூறியது. 2023இல் அதே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் ஆராய்ச்சியாளர் 1,400 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், கேப்ச்சாக்களை அவிழ்ப்பதில் நிரல்கள் மனிதரைவிட விரைவும் திருத்தமும் உடையவை என்று தெரியவந்தது. மனிதனால் முடியும், பொறியால் முடியாது என்று தொடங்கிய சோதனை, பொறியால் முடியும், மனிதனால்தான் முடியவில்லை என்னும் நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே, இக்காலத்துக் காவல் நிரல்கள் விடையை மட்டும் நோக்குவதில்லை. விரல் எப்படி நகர்கிறது, தொடுதல்களுக்கு இடையே எவ்வளவு நேரம், எத்தனை மணி ஓயாத ஆட்டம் என்று நடத்தையையும் அளக்கின்றன.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. போட்டி எதனைப் பாராட்டுகிறது? ஓயாமல், தவறாமல், ஒரே சீராகத் தொடுவதை. காவல் நிரல் எதனை ஐயுறுகிறது? ஓயாமல், தவறாமல், ஒரே சீராகத் தொடுவதை! ஒரு கை பரிசு நீட்டும் நடத்தையை மறு கை குற்றம் என்கிறது. முதல் நூற்றுவருள் வர விரும்புவோன் பொறியைப் போல ஆகவேண்டும், ஆனவுடன், “நீ பொறியோ?” என்ற கேள்வி எழும்.

சென்ற பருவத்தில் எனக்கே இது நேர்ந்தது. விளையாட்டின் பெயர் வேண்டா. போட்டியின் ஆறாம் நாள் காலையில், ரயில் தாபோடியை நெருங்கும்போது, படத்துண்டை நகர்த்திப் பொருத்தும் சோதனை திரையில் வந்தது. 60 விநாடிக்குள் விடை தரவேண்டும். பெட்டியில் நெரிசல், சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. விடை போய்ச் சேரவில்லை. மூன்று முறை அப்படியே. கணக்கு 48 மணிக்குப் பூட்டப்பட்டது, போட்டியும் முடிந்தது. முறையீடு அனுப்பினேன், வந்த மறுமொழியும் ஒரு நிரல் எழுதியதே! எங்கள் அறைத்தோழர் ஒருவர் நிலை இதனினும் கடினம். அவர் பார்வை குறைந்தவர். எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார். அந்தச் சோதனைப் படமோ பெரிதாகாது. ஆட்டத்தில் எங்களை எளிதில் வெல்லும் அவர், ‘மனிதர்தாமா’ என்ற வாயிலிலேயே நின்றுவிடுவார். கூலிக்கு விடை வாங்கும் பாட் கணக்குகளோ அவ்வாயிலைத் தாண்டிப் போகின்றன.

“விளையாட்டுதானே, போனால் போகட்டும்” என்பீர்கள். சரி, ரயிலுக்கு வருவோம். மும்பையிலிருந்து சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் புனே வழியாகச் செல்லும் வண்டிகள் கசார்வாடியில் நில்லாமல் ஓசையோடு கடந்து போகும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவ்வண்டிகளில் ஓரிடம் பெறுவது நம் மாணவர்க்கு எத்துணை அரிது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. கடைசி நம்பிக்கை ‘தட்கல்’. முதல் நாள் காலை 10 மணிக்குக் குளிர்சாதனப் பெட்டிகளுக்கும், 11 மணிக்கு மற்றவற்றுக்கும் பதிவு தொடங்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். தட்கல் தொடங்கிய முதல் 5 நிமிடங்களில் இணையதளத்துக்குள் நுழைய நடக்கும் முயற்சிகளில் 50 விழுக்காடுவரை பாட் நிரல்களுடையவை என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகமே தெரிவித்தது. ஐயத்துக்குரிய 2.5 கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. அந்த இணையதளத்திலும் கேப்ச்சா நெடுநாளாக இருந்துவந்ததே! அது நிரலை நிறுத்தவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டியையும், நடுங்கும் விரலுடைய தாத்தாவையும் நிறுத்தியது.

ஆகவே ரயில்வே, புதிரைக் கடினமாக்குவதை விட்டு விதியை மாற்றியது. 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் பெற ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்றாயிற்று. முகவர்கள் முதல் 30 நிமிடம் பதிவு செய்யலாகாது என்றாயிற்று. ஜூலை 15 முதல் ஆதாருடன் இணைந்த எண்ணுக்கு வரும் கடவுச்சொல்லும் வேண்டும் என்றாயிற்று. இதிலும் விலை உண்டு. நம் அடையாளத்தை ஒப்படைக்கவேண்டும். எண் மாறிவிட்டவர் திண்டாடுவர். ஆயினும், ‘மனிதனா?’ என்று கேட்பதைவிட, ‘ஒருவருக்கு ஒரு பங்குதானா?’ என்று கேட்பது நேர்மையான கேள்வி.

ரயிலுக்கும் விளையாட்டுக்கும் வேற்றுமை ஒன்றுண்டு. ரயிலில் இருக்கை குறைவு. அது மெய்யான பஞ்சம். விளையாட்டில் ‘முதல் நூற்றுவர்’ என்பது படைத்த பஞ்சம். திரையில் தோன்றும் வாளையோ குதிரையையோ நூறு பேருக்கும் கொடுக்கலாம், நூறாயிரம் பேருக்கும் கொடுக்கலாம், செலவு ஒன்றே. மெய்யான பஞ்சத்தைப் பங்கிட அடையாளச் சோதனை தேவைப்படலாம். படைத்த பஞ்சத்துக்காக நம் ஆதார் எண்ணையும் முகத்தையும் கேட்கும் காலம் வந்தால், கொடுக்குமுன் இவ்வேற்றுமையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் நல்ல போட்டி எது? சதுரங்கத்தை எண்ணுங்கள். 2024 டிசம்பரில் நம் குகேஷ் 18 வயதில் உலகப் பட்டம் வென்றது, காயை ஆயிரம் முறை நகர்த்தியதற்காக அன்று. அங்கும் பொறியின் தொல்லை உண்டு. ஆனால் அது வேறு வகை. அங்கே நிரல் மனிதனைவிட மிக நன்றாக ஆடுகிறது என்பதே தொல்லை. ஆகையால் நகர்வுகளின் தன்மையை ஆராய்ந்து ஏமாற்றுவோரைக் கண்டுபிடிக்க முயல்கின்றனர். வெறும் நேரத்துக்குப் பரிசு தராத ஆட்டத்தில், வெறும் நேரத்தைச் செலவிடும் நிரலுக்கு வேலையில்லை. செல்போன் விளையாட்டுகளிலும் இதற்கு வழி உண்டு. நாளொன்றுக்கு முதல் பத்து ஆட்டங்களுக்கு மட்டும் புள்ளி என்று வரம்பு கட்டலாம். எத்தனை முறை என்பதை விட்டு, எவ்வளவு நன்றாக என்பதை அளக்கலாம். அப்போது பாட் நிரல் வைத்திருப்பதில் ஆதாயம் குறையும், சோதனையும் குறையும், இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் மாணவனும் உறங்குவான்.

நிறுவனங்கள் இதனைச் செய்யும்வரை நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒரு விளையாட்டைத் தொடங்குமுன் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம்: “இதை எனக்காக ஒரு பொறி ஆடிக் கொடுத்தால் எனக்கு மகிழ்ச்சியா, வருத்தமா?” கபடியை வேறொருவர் நமக்காக ஆடிக் கொடுப்பதை நாம் விரும்புவோமா? நல்ல நாவலை வேறொருவர் நமக்காகப் படித்துவிடுவதை விரும்புவோமா? மாட்டோம். துணி துவைப்பதை ஒரு பொறி செய்தால் மகிழ்வோம். ஏனெனில் அது வேலை. பொறி ஆடிக் கொடுத்தால் மகிழ்ச்சி என்று தோன்றும் ஆட்டம், ஆட்டம் அன்று, கூலியில்லாத வேலை. தேர்வு நெருங்கும் இந்நாளில், நண்பர்களே, அவ்வேலையை முதலில் விட்டுவிடலாம்.